நாலு குழாய், ஒரு ஆம்ப்: எந்த இணைப்பில் போடலாம்?

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போகிற பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் ஆம்ப் எடுக்கலாம் அண்ணே?" என்பதுதான். நான் பதிலுக்கு, "ஆம்ப் வைக்கிற இடத்துக்கும் குழாய்க்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பேன். அந்தத் தூரம் தெரிந்தால்தான் மற்றதைப் பேச முடியும். (ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபயர், குழாய் என்பது கூம்பு ஒலிபெருக்கி.)

ஒரு கணக்கோடு பார்ப்போம். 250 வாட்ஸ் ஆம்ப் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் 4, 8, 16 ஓம்ஸ் முனைகள், பக்கத்திலேயே 70 வோல்ட், 100 வோல்ட் லைன் முனைகள். நான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 16 ஓம்ஸ், 60 வாட்ஸ் யூனிட் (சத்தம் எழுப்பும் பாகம்). நான்கும் 100 மீட்டர் தள்ளி ஒரே கம்பத்தில் இருக்கின்றன. ஒயர் 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு. போக 100, வர 100 என்று 200 மீட்டருக்கு அந்த ஒயரின் தடையே ஏறக்குறைய 3.6 ஓம்ஸ்.

முதல் வழி, நான்கையும் பேரலலாகச் சேர்த்து 4 ஓம்ஸ் முனையில் கொடுப்பது. பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் 4 ஓம்ஸ் குழாய்க்கு முன்னால் 3.6 ஓம்ஸ் ஒயர் நிற்கிறது. 4 ஓம்ஸ் முனையில் முழு அளவில் வருவது 31.6 வோல்ட். கணக்குப் போட்டால் ஆம்பிலிருந்து வெளியே போவதே 131 வாட்ஸ்தான். அதில் 62 வாட்ஸ் ஒயரைச் சூடாக்கவே போய்விடும். நான்கு குழாய்க்கும் சேர்த்துப் போய்ச் சேருவது 69 வாட்ஸ்.

இரண்டாவது வழி, இரண்டிரண்டாகச் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாகச் சேர்ப்பது. மொத்தம் 16 ஓம்ஸ் வரும், 16 ஓம்ஸ் முனையில் கொடுக்கலாம். அதே ஆம்ப், அதே ஒயர், அதே குழாய்கள்தான். இப்போது 16 ஓம்ஸுக்கு முன்னால் 3.6 ஓம்ஸ் ஒயர் சின்னதுதான், குழாய்களுக்குக் கிடைப்பது 166 வாட்ஸ்.

மூன்றாவது, 100 வோல்ட் லைன். ஆம்பிலிருந்து அதிக வோல்ட்டில் அனுப்பி, குழாயருகே டிரான்ஸ்பார்மரால் குறைத்துக்கொள்ளும் முறை இது. ஒவ்வொரு குழாயிலும் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் மாட்டி, 60 வாட்ஸ் டேப்பிங்கில் (வாட்ஸ் அளவைத் தேர்ந்தெடுக்கும் முனையில்) வைத்தால் மொத்தம் 240 வாட்ஸ் சுமை. லைனில் பார்த்தால் அது சுமார் 42 ஓம்ஸ். அதற்கு முன்னால் 3.6 ஓம்ஸ் ஒயர் ஒரு பொருட்டே இல்லை. போய்ச் சேருவது 203 வாட்ஸ். அதிலும் டிரான்ஸ்பார்மர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

69, 166, 203. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் கிட்டத்தட்ட 4 டெசிபல் வித்தியாசம். காதுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு டெசிபல்கூட இல்லை. நான்கு குழாயும் ஒரே கம்பத்தில் இருந்தால், டிரான்ஸ்பார்மருக்குச் செலவு செய்யாமல் சீரீஸ்-பேரலலே போதும் என்று நான் சொல்வது அதனால்தான்.

"பேரலலிலேயே வைத்து ஒயரைத் தடிமனாக்கினால் என்ன?" என்று கேட்பார்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டாலும் 133 வாட்ஸ்தான் போய்ச் சேரும். மெல்லிய ஒயரில் இணைப்பை மட்டும் மாற்றினால் 166 கிடைக்கும்போது, செம்புக்கு ஏன் இரட்டிப்புக்கு மேல் காசு கொடுக்க வேண்டும்?

அப்புறம் 100 வோல்ட் லைனுக்கு என்ன வேலை? குழாய்கள் தெருத் தெருவாகப் பிரியும்போது அதை விட்டால் வழியே இல்லை. சன்னிதித் தெருவில் ஒன்று, குளக்கரையில் ஒன்று, பந்தலில் இரண்டு என்று கட்டும்போது சீரீஸ் இணைப்புக்கு ஒயரை இழுத்து இழுத்து மாளாது. ஒரு யூனிட்டின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) அறுந்தால் ஜோடிக்குழாயும் சேர்ந்து ஊமையாகிவிடும். 100 வோல்ட் லைனில் போகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் ஒரு குழாயை லைனில் சேர்க்கலாம். கோபுர வாசலில் 60 வாட்ஸ், அன்னதானக் கூடத்தில் 10 வாட்ஸ் என்று இடத்துக்கு இடம் டேப்பிங்கை மாற்றலாம். வாட்ஸை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். நான் கூட்டுத்தொகை ஆம்பின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். கடைசி நேரத்தில் யாராவது இன்னொரு குழாய் கேட்பார்கள், அதற்கு இடம் இருக்க வேண்டும்.

இந்த வழியில் ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது. பல வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாவில், உதவிக்கு வந்த பையன் டிரான்ஸ்பார்மர் இல்லாத குழாயை நேராக 100 வோல்ட் லைனில் சேர்த்துவிட்டான். 16 ஓம்ஸ் யூனிட்டுக்கு 100 வோல்ட் போனால், கணக்குப்படி அது இழுக்கப் பார்ப்பது 625 வாட்ஸ். அது தாங்கக்கூடியதோ 60. நாதஸ்வரம் ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காயில் கருகிவிட்டது. அன்றிலிருந்து டிரான்ஸ்பார்மர் உள்ள குழாய்களின் வாயில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. 100 வோல்ட் தொட்டால் அடிக்கும். ஈரத்தரையில் இன்சுலேஷன் டேப் சுற்றாத ஜாயின்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, கல்யாண மண்டபத்துக்கு வருவோம். அங்கே ஆம்பும் பாக்ஸும் (ஸ்பீக்கர் பெட்டியும்) 10, 15 மீட்டருக்குள் இருக்கும். ஒயர் இழப்பு பெரிய விஷயம் இல்லை, லைன் டிரான்ஸ்பார்மர் வேண்டவே வேண்டாம். மலிவான டிரான்ஸ்பார்மர் பேஸைக் (கீழ்ஸ்தாயியைக்) கெடுத்தும்விடும். இங்கே போட்டி வேறு: 8 ஓம்ஸ், 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அளவு) பாக்ஸுக்கு 150 வாட்ஸ் ஆம்ப் வாங்குவதா, 500 வாட்ஸ் ஆம்ப் வாங்குவதா?

சின்ன ஆம்ப்தான் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் அதிகம். அளவோடு வைத்துக் கேட்டால் அது உண்மைதான். ஆனால் மண்டபத்தில் யாரும் அளவோடு வைப்பதில்லை. கூட்டம் ஏற ஏறச் சத்தத்தை ஏற்றுவார்கள். 150 வாட்ஸ் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டியதும் அலையின் தலையைச் சப்பையாக வெட்ட ஆரம்பிக்கும். முழுக்க வெட்டுப்பட்ட அலையில் 300 வாட்ஸ் வரை சக்தி இருக்கும். பேஸ் ஏற்கெனவே முட்டி நின்றுவிட்டதால் அது மேலே போகாது, மேல்ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டு உண்டாக்கும் புதிய கீச்சு அலைகளும் அதோடு சேரும். இவ்வளவும் போய் விழுவது மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில். மொத்த பாக்ஸ் தாங்குவதில் சின்னப் பங்கைத்தான் அது தாங்கும். ரிப்பேருக்கு வரும் பாக்ஸ்களில் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) நன்றாக இருந்து ட்வீட்டர் மட்டும் போயிருந்தால், ஆம்பில் வெட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று முதலில் கேட்பேன்.

500 வாட்ஸ் ஆம்பில் தவிலின் ஒவ்வொரு அடியும் வெட்டுப்படாமல் வரும். பாட்டின் சராசரி சக்தி உச்சத்தைவிட வெகு கீழேதான் இருக்கும், அதனால் காயில் சூடாவதில்லை. பாக்ஸின் ஆர்.எம்.எஸ். அளவைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை உள்ள ஆம்ப்தான் என் தேர்வு. ஒரே நிபந்தனை, குமிழ் பொறுப்பான கையில் இருக்க வேண்டும். பழகாத கையில் விட்டுவிட்டு வருவதானால், ஆம்பை அவ்வளவு பெரிதாக எடுக்காமல் லிமிட்டரை (சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் அமைப்பை) போட்டுப் பூட்டிவிட்டு வாருங்கள்.

பாக்ஸின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். 300 ஆர்.எம்.எஸ். உள்ள அதே பாக்ஸில் புரோகிராம் (பாட்டுக்கான அளவு) 600, பீக் (நொடிநேர உச்சம்) 1200 என்றும் எழுதுவார்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 1200. பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். வாட்ஸை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் சென்சிட்டிவிட்டியை (ஒரு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் என்பதை) விட்டுவிடுகிறார்கள். 94 டெசிபல், 300 வாட்ஸ் பாக்ஸும் 97 டெசிபல், 150 வாட்ஸ் பாக்ஸும் உச்சத்தில் ஒரே சத்தம்தான் தரும். இரண்டாவதற்குப் பாதி ஆம்ப் போதும்.

நான்கு 8 ஓம்ஸ் பாக்ஸை ஆம்பின் ஒரே சேனலில் (வெளியீட்டில்) பேரலலாகக் கோப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அது 2 ஓம்ஸ், ஆம்புக்குப் பெரிய சுமை. 2 ஓம்ஸ் தாங்கும் என்று ஆம்பிலேயே எழுதியிருந்தாலும், மே மாத வெயிலில் மேடைக்கு அடியில் அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? சேனலுக்கு இரண்டு பாக்ஸ், 4 ஓம்ஸ், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) போட்டால் இன்னும் கவனம் வேண்டும். 8 ஓம்ஸ் பாக்ஸை மாட்டினால் உள்ளே ஒவ்வொரு சேனலும் உணர்வது 4 ஓம்ஸ்.

கிளம்பும் முன் மல்டிமீட்டரால் ஒரு முறை அளந்துவிடுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் 6 சொச்சம் காட்டினால் பயப்பட வேண்டாம், மீட்டர் காட்டுவது வெறும் கம்பித்தடையைத்தான். ஆனால் டிரான்ஸ்பார்மர் மாட்டிய லைனை மீட்டரில் அளந்து முடிவுக்கு வர முடியாது, அதற்கு இம்பீடன்ஸ் மீட்டர் (ஒலி அலைக்கான தடையை அளக்கும் மீட்டர்) வேண்டும். அது இல்லாதவர்கள் டேப்பிங் வாட்ஸைக் கூட்டிப் பார்ப்பதுதான் வழி. குழாய் கட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய்க்குச் சத்தம் வராது. அந்த பேஸ் முழுக்க டயாபிரத்தை (யூனிட்டில் அதிரும் சவ்வை) உதறுவதில்தான் போகும். வாட்ஸும் ஓம்ஸும் சரியாக இருந்தும் யூனிட் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆம்பின் பேஸ் குமிழை இடது பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் நான் முதல் பாட்டைப் போடுவேன்.