கருப்பு குதிரையில் வந்தான், டெமகார்கன் சுவரில் வந்தது

அரையாண்டு லீவுக்குக் கடலூர் வந்த அக்கா மகன் முதல் நாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டான். "மாமா, பயப்படுற மாதிரி ஒரு சீரிஸ் சொல்லுங்க. சும்மா கத்திக்கிட்டே இருக்கறது வேணாம்." வெளியே மழை விட்டபாடில்லை. தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகவும் வழியில்லை. என் கையில் இரண்டு பெயர்கள் இருந்தன: ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசன், ‘மர்ம தேசம்’ வரிசையில் இரண்டாவதாக வந்த ‘விடாது கருப்பு’. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

‘நந்தினி’ என்னாச்சு என்று அக்கா கேட்டாள். 2017 ஜனவரியில் ஆரம்பித்து 2018 டிசம்பர் வரை ஓடிய பாம்புக் கதையை ஒரு லீவுக்குள் எங்கே அடக்குவது? தவிர, பாம்பு வரும்போதெல்லாம் இவன் சிரிப்பான்.

டஃபர் சகோதரர்கள் உருவாக்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசன் 2016 ஜூலை 15 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எட்டு எபிசோடும் ஒரே நாளில். மொத்தமே ஏழு மணி நேரத்துக்குள்தான். 1983 நவம்பரில், ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊரில், வில் என்ற பையன் ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பும்போது காணாமல் போகிறான். வீட்டில் பல்பு தானாக எரிந்து அணைவதைப் பார்த்து, பேசுவது மகன்தான் என்று நம்பிவிடுகிறாள் அவன் அம்மா ஜாய்ஸ். வீடு முழுக்க சீரியல் பல்பு கட்டி, சுவரில் கறுப்பு பெயிண்டால் ஆங்கில எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பு வைக்கிறாள். ஜாய்ஸாக நடித்த வினோனா ரைடர் அந்தச் சுவரோடு பேசுகிற இடம்தான் எனக்கு இந்த சீசனின் உச்சம்.

எங்கள் தெருவில் பல்பு மினுக்கினால் ஆவி ஞாபகம் வராது, டிரான்ஸ்ஃபார்மர் ஞாபகம்தான் வரும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. அப்படியிருந்தும் அந்தக் காட்சி என்னை அசைத்ததற்குக் காரணமும் தானேதான். கரண்ட் திரும்பி வந்த ராத்திரி தெருவே ஓவென்று கத்தியது. பக்கத்து வீட்டு ஆயா குண்டு பல்பைப் பார்த்துக் கும்பிட்டுச்சு. ஜாய்ஸ் முகத்தில் இருந்தது அதேதான்.

‘விடாது கருப்பு’ இதற்கு நேர் எதிர்த்திசை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 1997 வாக்கில் சன் டிவியில் வாரம் ஒன்றாக வந்தது. ஊரில் தப்பு செய்தவனைக் குதிரையில் வருகிற கருப்புசாமி தண்டிக்கிறதா, இல்லை மனுஷன்தான் அந்த வேலையைச் செய்கிறானா என்பதுதான் கதை. சாமியும் மனநோய் மருத்துவமும் ஒரே வழக்கில் மாறி மாறிச் சாட்சி சொல்லும். முடிவைச் சொல்லமாட்டேன், பையன் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

குறைகளை மறைக்கவும் மாட்டேன். படம் மங்கல். ஒரு விஷயத்தை இரண்டு பேர் பேசிப் புரியவைத்த பிறகு மூன்றாமவர் வந்து மறுபடி விளக்குவார். "என்ன மாமா, இவ்ளோ ஸ்லோவா போவுது?" என்று பையன் முதல் எபிசோடிலேயே வேகத்தை 1.5-க்கு ஏற்றிவிட்டான். குளம்புச் சத்தம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி கேட்டது. ஹாக்கின்ஸ் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு காட்சி கூடுதல் கிடையாது. 2022-இல் வந்த நான்காவது சீசனில் அந்தச் சிக்கனம் போய்விட்டது. ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வில்லனுக்குப் பூர்வகதை சொல்லச் சொல்ல எனக்குப் பயம் வடிந்துபோனது.

ஆனால் பயம் யாருக்கு என்று பார்த்தால் தராசு கருப்பு பக்கம்தான் சாய்கிறது. ஹாக்கின்ஸில் பார்ப் என்ற பெண் விரலை அறுத்துக்கொள்கிறாள், நீச்சல் குளத்தில் ரத்தச் சொட்டு விழுகிறது, டெமகார்கன் என்ற வேற்றுலக மிருகம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவள் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. அதற்குப் பசி, அவ்வளவுதான். புலி மாதிரி, கதவைச் சாத்தினால் தப்பிக்கலாம் (சுவரைக் கிழித்துக்கொண்டு வராத வரைக்கும்). கருப்பு அப்படியா? அவன் காவல் தெய்வம். ஊர் எல்லையில் சுடுமண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவன் எதிரி இல்லை. தப்பு செய்யாதவன் கும்பிட்டுவிட்டுத் தூங்கலாம். சின்ன வயதில் இதைப் பார்த்த நான் தூங்கவில்லை. கற்பூரம் வாங்கக் கொடுத்த காசில் கல்கோனா வாங்கித் தின்றவன் நான். டிவி பார்த்துவிட்டு எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபதடி வர, அம்மா வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த எபிசோடுக்கு ஏழு நாள் வேறு. எட்டையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால் அந்த ஏழு ராத்திரிகள் எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரு வாரக் கடைசியில் முடிக்க வேண்டும், பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றால் ஹாக்கின்ஸைப் போடுங்கள். அந்தப் பையன்கள் பெரியவர்களிடம் சொல்லாமல் நண்பனைத் தேடிப் போவதற்காகவே பார்க்கலாம். பொறுமை இருந்தால், ராத்திரி ஒன்றுக்கு மேல் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கருப்பைத் தொடங்குங்கள்.

பையன் முதல் சீசனை இரண்டே நாளில் முடித்துவிட்டு, "செம மாமா" என்று சொல்லித் தூங்கிப்போனான். கருப்பு இப்போது பாதியில் ஓடுகிறது. நேற்று ராத்திரி கவனித்தேன், 1.5 வேகத்தை எடுத்துவிட்டிருந்தான். பாத்ரூம் லைட்டையும் யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள்.