கட்டும் முன்னே நடந்து பார்ப்பது: ட்வின்மோஷனோடு ஐந்து வருடம்

மதுரையில் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறேன். வீட்டை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் மாடல் செய்து, அந்த மாடலை நிஜம் போன்ற படமாகவும் வீடியோவாகவும் மாற்றும் ட்வின்மோஷன் மென்பொருளில் அனிமேஷனாக எடுத்துக் காட்ட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. 2024 முதல் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு ட்வின்மோஷன் இலவசம், அதனால் எங்களைப் போன்றவர்களுக்குச் செலவுக் கவலை இல்லை.

எனக்கு இதன் அருமை புரிந்தது ஒரு வாடிக்கையாளரின் அம்மாவால். பிளானை மூன்று முறை விரித்துக் காட்டியபோதும் "நல்லாருக்கு தம்பி" என்றுதான் சொன்னார். வாசலில் தொடங்கி அடுப்படி வரை மெதுவாக நடக்கும் வீடியோவைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க நின்னு சமைச்சா வாசல்ல யார் வர்றாங்கன்னு தெரியலையே?" அன்றே பிளானில் சமையல் மேடையைத் திருப்பி வைத்தோம்.

அடுத்த பெரிய பயன் வெயில். ஊரையும் வடக்குத் திசையையும் சரியாகக் கொடுத்துவிட்டால், எந்த மாதம் எந்த மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்க்கலாம். ஒருவர் மேற்குப் பார்த்த ஹாலுக்கு ஆளுயரக் கண்ணாடி கேட்டார். மே மாதத்தில் மதியம் ஒன்று முதல் ஆறு மணி வரை இருபது நொடியில் ஓட்டிக் காட்டினேன். நாலு மணிக்கு இரண்டடி சன்ஷேடின் நிழல் ஒன்றரை அடியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே உள்ள கண்ணாடி முழுக்க வெயில் புகுந்து சோபா வரை வந்தது. கண்ணாடியைக் குறைத்துக்கொண்டு, பாதிச் சுவருக்குச் சுட்ட மண் ஜாலி (காற்று வரும் துளைத் தடுப்பு) வைக்க அவரே சொல்லிவிட்டார்.

தவறும் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் கேமராவின் பார்வைக் கோணத்தை அகலமாக வைத்துப் படுக்கையறைகளை எடுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை மண்டபம் மாதிரித் தெரிந்தது. பூச்சு முடிந்ததும் உள்ளே நின்று, "வீடியோல பெருசா இருந்துச்சே சார்" என்றார் வீட்டுக்காரர். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் கோணத்தைக் குறைத்துவிட்டேன், கேமரா ஐந்தடி உயரத்தில்தான் நடக்கும். ஆறுக்கு ஆறரை அடிக் கட்டிலும் பீரோவும் சரியான அளவில் போடாமல் எந்த அறையையும் காட்டுவதில்லை.

ரெண்டரிங்கில், அதாவது மாடலைப் படமாக்கி எடுப்பதில், ஒரு கணக்கு உண்டு. நொடிக்கு 30 பிரேம் (தனிப்படம்) என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,800 பிரேம். ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு நிஜம் போலக் காட்டும் பாத் டிரேசர் முறையைப் போட்டால் என் கணினியில் பிரேமுக்கு அரை நிமிடம், அதாவது ஒரு நிமிட வீடியோவுக்குப் பதினைந்து மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவும் வீண். அதனால் பாத் டிரேசரை நாலைந்து நிலைப்படங்களோடு நிறுத்திக்கொண்டு, அனிமேஷனைச் சாதாரண முறையிலேயே எடுக்கிறேன்.

வானத்திலிருந்து பறந்து இறங்கும் காட்சிகளை இப்போது எடுப்பதே இல்லை. யாரும் தன் வீட்டை அப்படிப் பார்க்கப் போவதில்லையே. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, துளசி மாடம், துணி காயும் கொடி எல்லாவற்றையும் நானே மாடல் செய்து வைத்திருக்கிறேன். தொட்டி முகப்பில் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதை வீடியோவில் மறைப்பதில்லை, பிளானில் நகர்த்துகிறேன்.