எர்த் இல்லாத வீட்டில் ஓர் உலோக மடிக்கணினி: மூன்றரை ஆண்டு அனுபவம்

பள்ளத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அழைத்து, நான் வைத்திருக்கும் அதே மடிக்கணினியின் விலை, அடுத்த மாடல் வந்துவிட்டதால் நன்றாக இறங்கியிருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். "எடையே இல்லை, ஆபீஸ் வேலைக்கென்றே செய்தது என்கிறார்கள், அண்ணன் மூன்று வருசத்துக்கு மேல் வைத்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

திரையின் அளவு, பிராசசரின் பெயர் முதலியவற்றை விற்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் காரைக்குடியில் சில கடைகளுக்கும், கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டுக்கும் கணக்குப் பார்ப்பவன். ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது இந்தக் கணினியோடு இருக்கிறேன். எங்கள் வீடு, இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றைப் போலவே, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. காலையில் முகப்பு, வெயில் ஏறியதும் பட்டாலை என்னும் கூடம், மாலையில் வளவு என்னும் உள்முற்றம் என்று வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்துக்கு நானும் நகர்ந்துகொண்டே இருப்பேன். முன்பு வைத்திருந்த இரண்டரைக் கிலோ கணினியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நான் வெந்துகொண்டிருந்தேன். இதன் எடை 1.1 கிலோ, பேரேட்டை எடுத்துப் போவது போல ஒரு கையில் எடுத்துக்கொண்டு போகலாம். திரை பளபளக்காத வகை என்பதால், நண்பகலில் வளவுக்குள் செங்குத்தாக இறங்கும் வெளிச்சத்திலும் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. விசைகள் இன்றைக்கும் முதல் நாள் போலவே அமுங்கி எழுகின்றன. அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால், வாங்கிய புதிதில் எழும்பூர் வரை சார்ஜரைத் தேடாமல் வேலை செய்திருக்கிறேன். இப்போது விழுப்புரம் தாண்டியதும் பேட்டரி எச்சரிக்கை வருகிறது, இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். எண்களுக்கெனத் தனி விசைத்தொகுதி இல்லாததும், மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட முடியாததும் கணக்கு வேலைக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் அவை வாங்கும்போதே தெரிந்தவை.

தெரியாமல் வாங்கியது வேறொன்று. வாங்கி ஒரு வாரத்துக்குள், சார்ஜர் செருகியிருக்கும்போது உள்ளங்கை வைக்கும் இடத்தில் சுருசுருவென்று ஏதோ ஓடுவதை உணர்ந்தேன். உதறித் தள்ளும் அதிர்ச்சி அன்று. விரலை மெல்ல நகர்த்தினால் வழவழப்பான உலோகம், நெளிதகரத்தைத் தடவுவது போல அதிரும். மணிக்கட்டின் உட்பக்கம், தோல் மெலிந்திருக்கும் இடத்தில், முன்விளிம்பு பட்டால் எறும்பு கடிப்பது போல இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே நின்றுவிடும். ஐப்பசி மழையில் தரை குளிர்ந்திருக்கும் நாள்களில் கூடுதலாகவும், கோடையில் கை வியர்த்திருக்கும்போது சுரீரென்றும் இருந்தது. நாளாக ஆக, மேற்பூச்சு தேய்ந்த விளிம்புகளில் இன்னும் மோசமானது.

இரண்டு முறை மதுரைக்கு, போக வர 180 கிலோமீட்டர், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். முதல் முறை மேசைமேல் வைத்து, சார்ஜரைச் செருகி, அந்த இளைஞர் தடவிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். நானும் தடவிப் பார்த்தேன், உண்மையிலேயே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து செருகினால் மறுபடியும் அதே. இரண்டாம் முறை, சார்ஜரில் கோளாறு இருக்கலாம் என்று 4,800 ரூபாய்க்குப் புதிய சார்ஜர் கொடுத்தார்கள். அதனாலும் எதுவும் மாறவில்லை. இரு பின் மட்டுமே உள்ள வேறொரு சார்ஜரை நானே வாங்கிச் செருகிப் பார்த்தேன். கடி சற்றுக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

வழி காட்டியது ஊஞ்சல்தான். ஒரு மாலை பட்டாலையில் ஊஞ்சல் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சார்ஜர் செருகியபடியே ஒரு மணி நேரம் வேலை செய்தேன், கடியே இல்லை. ஆத்தாள் காபியைக் கொடுத்துவிட்டு என் தோளைத் தொட்டவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "உன் மேல கரண்டு அடிக்குது" என்றார். நான் காலைத் தரையில் ஊன்றினேன். மணிக்கட்டில் அந்த எறும்பு கடித்தது. மின்சாரம் கணினியிலிருந்து என் உடல் வழியாகத் தரைக்குப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குள் நாம் செருப்பு அணிவதில்லை. தரையோ ஆத்தங்குடிக் கல். அது சூளையில் வெந்த ஓடன்று, கண்ணாடிமேல் வண்ணம் வார்த்து, சிமெண்டும் மணலும் சேர்த்து அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பது. ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்பவன், மண்ணோடு தொடர்பில் நிற்பவன். மதுரையில் சர்வீஸ் சென்டரில் நாங்கள் இருவருமே காலில் செருப்போ ஷூவோ போட்டிருந்தோம். அங்கே சுவர் பிளக்கிலும் ஒழுங்கான எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அது இல்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டையும் மரப்பட்டைக்குள் ஓடும் வயரும் கொண்ட அந்தக் காலத்து வேலை. எல்லா இடத்துக்கும் இரண்டே கம்பிகள்தாம். பின்னாளில் யாரோ மூன்று துளை பிளக்குகளைப் பொருத்தினார்களே தவிர, மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பி ஏதும் இழுக்கவில்லை.

சார்ஜருக்குள் நடப்பதைப் பின்னர் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்சாரம் வரும் ஃபேசிலிருந்து ஒன்றும் அது திரும்பும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு மின்தேக்கிகளை எர்த் பின்னோடு இணைத்திருக்கிறார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி 230 வோல்ட்டில் பாதியாக, 115 வோல்ட் அளவில் அந்தரத்தில் நிற்கும். வெளியே வரும் கம்பியின் எதிர்முனையும், அதன் வழியே கணினியின் உலோக உடலும் அதோடு சேர்ந்தே இருக்கின்றன. நியான் டெஸ்டரைக் கணினியின் அடித்திருகில் வைத்தபோது மங்கலாக எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். கசிவது ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிரிண்டர், யுபிஎஸ், கணினி மூன்றையும் செருகியிருந்தேன். எர்த் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து, மண்ணோடு மட்டும் இணையாமல் இருந்தன. அந்த நிலையில் பிரிண்டரில் உண்மையான பழுது ஒன்று ஏற்பட்டிருந்தால், அது என் உள்ளங்கைக்கு வந்திருக்கும்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன், எர்த் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார். நான் ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். தேவகோட்டையிலிருந்து வந்த இன்னொருவர், வயதில் மூத்தவர், அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டார். எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கணினியின் உடலில் வந்து நிற்கும், அதைச் செய்யவே கூடாது என்றார். அவர்தான் பின்கட்டுக்கு வெளியே, கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, பட்டாலைக்கும் முகப்புக்கும் தனி எர்த் கம்பி இழுத்துத் தந்தார். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தினார். செம்மண் காய்ந்தால் மின்சாரத்தை வாங்காது என்று தண்ணீர் ஊற்ற வாய் வைத்த குழி அது. சுவரை உடைக்காமல் வயர் இழுக்க வேண்டியிருந்ததால் இரண்டு நாள் வேலையானது. மூன்றாம் நாள் காலை முகப்பில் வெறுங்காலோடு உட்கார்ந்து, சார்ஜரைச் செருகி, தேய்ந்த விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைத்தேன். உலோகம் குளிர்ச்சியாக மட்டுமே இருந்தது.

அப்படியானால் குற்றம் எங்கள் சுவரில்தானே என்று நண்பர் கேட்பார். ஆமாம், எர்த் இல்லாத வீட்டுக்குக் கணினி பொறுப்பாகாது. பெட்டியோடு வந்த குறிப்பேட்டிலும், எர்த் உள்ள பிளக்கிலேயே செருகவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதை இப்போது படித்துவிட்டேன். ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் மூன்றாவது துளை வெறுந்துளை என்பது இங்கே கடை விரித்திருப்பவர்களுக்குத் தெரியாததன்று. இரண்டு முறை மதுரைக்கு வந்தவனிடம், "உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா, வெறுங்காலோடு இருக்கும்போது அடிக்கிறதா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் 4,800 ரூபாயும் ஓர் ஆண்டும் மிஞ்சியிருக்கும். உள்ளங்கை படும் பலகையை மட்டுமாவது பிளாஸ்டிக்கில் செய்யும் கணினிகள் சந்தையில் இருக்கின்றன. அழகுக்காகவும் மெலிவுக்காகவும் முழு உடலையும் உலோகமாக்கியவர்கள், அதன்மேல் நாள் முழுதும் கை வைத்திருக்கப் போகிறவனை நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே, இத்தனை நல்லதையும் எழுதிவிட்டு, நண்பருக்கு வாங்காதீர்கள் என்றே சொன்னேன். அவர் வீடும் எங்கள் வீட்டைப் போன்றதே. பத்துப் பங்காளிகளுக்கு உரிய அந்த வீட்டில் குழி தோண்டவும் வயர் இழுக்கவும் எல்லோரையும் கேட்டாக வேண்டும். விலை இறங்கியிருக்கிறது என்பதற்காக அவசரப்படாமல், கொஞ்சம் தடித்தாலும் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஒன்றை வாங்கச் சொன்னேன். எதை வாங்கினாலும் அதற்கு முன், தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேசுக்கும் எர்த் துளைக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரியாவிட்டால் எர்த் சரியில்லை. ஆர்சிசிபி உள்ள வீட்டிலோ பல்பு எரிவதற்குள் ஆர்சிசிபியே இணைப்பைத் துண்டித்துவிடும், அதுவும் நல்ல அறிகுறிதான்.

நான் இந்தக் கணினியை விற்கப் போவதில்லை. கடி நின்று ஐந்து மாதமாகிறது. இப்போதும் சார்ஜரைச் செருகியதும் முதலில் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டே இரு கைகளையும் வைக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து, பெரியவர் சொன்னபடி, வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றி வருகிறேன்.