“பரம்பரைச் சாபம்” நீக்கித் தருகிறோம் என்று 2 லட்சத்து 80 ஆயிரம் வாங்கிவிட்டார்கள்: கொழும்பில் இருப்பவர்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாம் என்று விட்டால் பாதியை நானே மறைத்துவிடுவேன், அம்மாவும் “விடு மகள், கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று என் வாயை அடைத்துவிடுவார். 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று அம்மா மாதாமாதம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. காசை வாங்கிய ஜெபக்கூடக்காரர் நேற்றுப் பின்னேரம் எங்களைத் தங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

பெயர் போடப்போவதில்லை. கடைகளுக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த ஹோல், ஏசி, கீபோர்ட், காது கிழிகிற ஸ்பீக்கர், வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், வெள்ளியும் ஞாயிறும் கூட்டம். இந்த மாதிரி ஜெபக்கூடங்கள் கொழும்பில் எத்தனையோ. பலது நேர்மையாக நடக்கிறவைதான், எங்கள் சொந்தத்திலேயே அப்படியான சபைகளுக்குப் போய் குடியை விட்டுக் குடும்பத்தைப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இது சாபத்துக்கு விலைப்பட்டியல் வைத்திருந்த ஒரு கூட்டத்தைப் பற்றியது.

நாங்கள் அம்மா பக்கம் கத்தோலிக்கர், அப்பா சைவம். அப்பா போய்க் கொஞ்சக் காலம். அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். தங்கச்சிக்குப் பேசிய கல்யாணம் இரண்டாவது தரமும் குழம்பின கிழமை, மேல்வீட்டு அன்ரி வந்து “ஒருக்கா வந்து பாருங்கோ, அவர் வாயைத் திறந்தால் கர்த்தர்தான் கதைப்பார்” என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

பாட்டெல்லாம் முடிந்த பிறகு பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “இங்கே ஒரு தாய் இருக்கிறாள். விதவை. இரண்டு பெண் பிள்ளைகள். இளையவளின் கல்யாணம் இரண்டு தரம் தடைப்பட்டிருக்கிறது. கணவனுடைய வளவில், வேலியோரம், ஒரு சூலத்தைக் காண்கிறேன்...” அப்பாவின் ஊர் வீட்டில் வேலியோரம் வைரவர் சூலம் இருந்தது. அது எங்கள் வீட்டாரைத் தவிர கொழும்பில் யாருக்குத் தெரியும்? அம்மா அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டார். பாஸ்டரின் மனைவி இறங்கி வந்து, கதிரை இருக்கத் தரையில் முழங்காலில் இருந்து, அம்மாவின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, “அம்மா, இத்தனை வருஷம் நீங்கள் தனியாகச் சுமந்தது போதும்” என்றார். அப்பா செத்த வீட்டில்கூட அம்மாவிடம் அப்படி ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்துக்குத்தான் எங்கள் காசு போனது, மற்றதெல்லாம் பிறகு வந்தது.

சூலம் எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இன்னமும் அதிசயம் என்பீர்கள். அங்கே “ஜெப விண்ணப்பம்” என்று ஒரு படிவம் இருக்கிறது. பெயர், பிள்ளைகள், பிரச்சினை, அதற்குக் கீழே “முன்னோர் வணங்கிய தெய்வங்கள், பூர்வீக வளவில் உள்ள வழிபாட்டு இடங்கள்” என்று தனியாக ஒரு பெட்டி. நாங்கள் போவதற்கு முந்தின கிழமையே அன்ரி எங்களுக்காக அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனதோடுதான் கொடுத்தார், அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எப்போதோ தேத்தண்ணிக் கதையில் சொன்ன சூலத்தை அவர் எழுத, பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

பிறகு கணக்கு. பரம்பரைச் சாபம் நீக்கும் உபவாச ஜெபத்துக்கு 1,50,000. அது பலிக்க “விதைக் காணிக்கை” 1,00,000, “விதைத்தால் நூறு மடங்கு” என்று. அம்மாவுக்கு முழுக்கு ஞானஸ்நானம், அபிஷேக எண்ணெய் எல்லாம் சேர்த்து 30,000. கூட்டிப் பாருங்கள், 2 லட்சத்து 80 ஆயிரம். ரசீது என்று ஒரு துண்டு தந்தார்கள், அதில் “அன்பளிப்பு” என்ற சொல்லும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான், சபையின் பெயர்கூட இல்லை.

எண்ணெயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எருசலேமிலிருந்து வந்தது, தினமும் வாசற்படியில் பூச வேண்டும் என்று தந்த சின்னப் போத்தல். புறாப் படம் போட்ட ஸ்டிக்கர். போன கிழமை அது எண்ணெயில் ஊறி ஒரு மூலையில் கழன்றிருந்தது, நகத்தால் இழுத்தேன், முழுதாக வந்துவிட்டது. அடியில் கடைச் சரக்கின் லேபல், இறக்குமதி செய்தவர் விபரம், பக்கத்தில் விலை, ரூ. 780. சுப்பர் மார்க்கெட்டில் சலாட்டுக்கு ஊற்றுகிற ஒலிவ எண்ணெய்.

ஞானஸ்நானம் ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில், விடியற்காலை, ஆட்கள் எழும்ப முன்பு. 61 வயது அம்மா, மூட்டு வருத்தக்காரி, குளோரின் மணக்கிற தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றார். குழந்தையில் தலையில் ஊற்றிய தண்ணீர் செல்லாது, இதை எடுக்காமல் கண்ணை மூடினால் நரகம்தான் என்று பயம் காட்டியிருந்தார்கள். வளர்ந்து, அறிந்து, நம்பித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று போதிக்கிற சபைகள் உலகம் முழுக்க உண்டு, அது அவர்களுடைய கொள்கை, நான் அதில் சண்டை பிடிக்க வரவில்லை. ஆனால் அதற்குக் கட்டணமா? சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு யார் முழுக்குக் கொடுத்தது, அவன் எந்தக் கவுண்டரில் காசு கட்டினான்? “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று இயேசுவின் வாயாலேயே அவனுக்குக் கிடைத்துவிட்டதே.

மூன்றாவது சம்பந்தமும் சரிவரவில்லை. சொல்லப்போனோம். “தகப்பன் வழிச் சாபம் போய்விட்டது, தாய் வழியில் இன்னொன்று தெரிகிறது, இரண்டாம் கட்டம் செய்ய வேண்டும், 2 லட்சம்” என்றார் பாஸ்டர், பல் வைத்தியர் அடுத்த பல்லைக் காட்டுகிற மாதிரி. தங்கச்சி எழும்பி வெளியே போய்விட்டாள். நான் காசைத் திருப்பிக் கேட்டேன்.

அன்றோடு பாஸ்டர் காணாமல் போனார். முதலில் “உபவாசத்தில் இருக்கிறார், கதைக்கமாட்டார்.” பிறகு “மலையகத்தில் ஊழியம்.” பிறகு “வெளிநாடு.” வெளிநாட்டில் இருப்பவரின் கார் ஹோலுக்குக் கீழே நின்றது, படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சேலைத் தலைப்பால் முகம் துடைத்த அம்மணி, அம்மாவின் கோலைக்கூட எடுக்கவில்லை. ஒரு நாள் ஹோல் வாசலில் ஒரு பெடியன், இருபது வயது இருக்கும், “சிஸ்டர், கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அனனியா சப்பீராளுக்கு நடந்தது தெரியும்தானே” என்றான். எனக்குக் கை நீண்டுவிடும் போல இருந்தது. தம்பி, அனனியா செத்தது காசைத் திருப்பிக் கேட்டதற்காக இல்லை, காணியை விற்று, அதில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு முழுதும் கொடுத்தேன் என்று பொய் சொன்னதற்காக. விற்ற பணம் உன் கையில்தானே இருந்தது, கொடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்றுதான் பேதுரு அவனைக் கேட்கிறார். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரம், எடுத்து வாசி.

கடைசியாகப் பாஸ்டரிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ்: “மகள், ஜெபத்தில் குறை இல்லை. உங்கள் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள், அதனால்தான் ஆசீர்வாதம் தடைப்பட்டது. இந்தச் சபையை விட்டுப் போனால் அம்மாவின் இரட்சிப்புக்கு நான் பொறுப்பில்லை.” 2 லட்சத்து 80 ஆயிரத்தையும் வாங்கிக்கொண்டு, பிழை எங்கள் மேல். அம்மா இரண்டு இரவு நித்திரை இல்லாமல், தான் சந்தேகப்பட்டதால்தான் தங்கச்சியின் வாழ்க்கை கெட்டது என்று அழுதுகொண்டிருந்தார். காசைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவை எங்கள் பங்குப் பாதரிடம் கூட்டிப்போனேன். மனுஷன் ஒன்றும் ஏசவில்லை, பைபிளைத்தான் திறந்தார். அவர் காட்டியதையும் பிறகு நான் இருந்து தேடியதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஹோலில் இப்போதும் யாரோ ஒரு அம்மா அழுதுகொண்டிருப்பார்.

சாபத்துக்கு அவர்கள் எடுப்பது யாத்திராகமம் 20:5, மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பேன் என்பது. அந்த வசனமே “என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து” என்கிறது, அடுத்த வசனம் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்கிறது. ஆறாம் வசனத்துக்குப் போனால் யாவாரம் படுத்துவிடும், அதனால் ஐந்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். எசேக்கியேல் 18 முழு அதிகாரமும் இதே விஷயம்தான்: பிதாக்கள் திராட்சக்காய் தின்ன பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்கிற பழமொழியை இனிமேல் சொல்லாதேயுங்கள், தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் கேட்டதும் எங்கள் பாஸ்டரின் கேள்விதான், இவன் செய்த பாவமா பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டும் இல்லை என்றார் இயேசு. அப்படியும் சாபம் என்று ஒன்று மிச்சம் இருந்தால், கலாத்தியர் 3:13 என்ன சொல்கிறது? கிறிஸ்துவே நமக்காகச் சாபமாகி மீட்டுக்கொண்டார் என்கிறது. அவர் முடித்த வேலைக்கு இவர்கள் ஒன்றரை லட்சம் பில் போடுகிறார்கள்.

நூறு மடங்கு என்பது மாற்கு 10:30. அங்கேயே “துன்பங்களோடேகூட” என்று இருக்கிறது, மேடையில் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டார்கள். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, கட்ட வேண்டும் என்று பைபிளின் மல்கியா புத்தகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். உபாகமம் 14இன் கடைசியைப் பாருங்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒன்று ஆலய ஊழியம் செய்கிற லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சாப்பிடக் கொடுக்க வேண்டியது. விதவைக்குப் போக வேண்டிய காசை விதவையிடமே வாங்கியிருக்கிறார்கள்! விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது யூத வேத போதகர்களை, பற்றி இயேசு எச்சரித்தது மாற்கு 12:40, ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதைக்கு நேர் முன்னால். இரண்டு காசுக் கதையை மட்டும் அந்த மேடையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம்.

சந்தேகப்பட்டதால் கிடைக்கவில்லை என்பது இன்னொரு அநியாயம். அப்போஸ்தலர் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கச் சொல்லிக் கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டார், நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் காணாது என்று சொல்வாரா இந்தப் பாஸ்டர்?

எல்லாவற்றுக்கும் மேலே எபேசியர் 2:8-9. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு, அது தேவனுடைய ஈவு, கிரியைகளால் உண்டானதல்ல. காசு கொடுத்து வாங்கலாம் என்று வந்த சீமோனிடம், உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்று பேதுரு சொன்னது அப்போஸ்தலர் 8:20. பாதர் ஒளிக்காமல் இன்னொன்றும் சொன்னார்: எங்கள் திருச்சபையும் இந்தச் சேற்றில் விழுந்ததுதான். ரோமில் பேதுரு பேராலயம் கட்டும் செலவுக்கென்று ஜெர்மனியில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றார்கள், அதை எதிர்த்துத்தான் 1517இல் மார்ட்டின் லூதர் 95 கருத்துகளை வெளியிட்டார், சபை இரண்டாக உடைந்த பிறகுதான் 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் காசுக்குச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்தினார். லூதர் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மேடையிலேயே இன்றைக்கு அதே சீட்டு, வேறு பெயரில்.

பொலிஸில் வாய்மொழியாகக் கேட்டபோது, நீங்களாக விரும்பிக் கொடுத்த காசுதானே என்றார்கள். அதனால் என்ன செய்யலாம் என்று நீளமாக எழுத நினைத்தேன், இப்போதைக்குக் கை ஓடவில்லை. சுருக்கமாக: ஜெபத்துக்குத் தொகை சொன்னால் எழும்பி வாருங்கள். குடும்ப விபரம் கேட்கிற படிவத்தை நிரப்பாதீர்கள், உங்களுக்காக வேறு யாரும் நிரப்பவும் விடாதீர்கள். அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் எவருக்கும் காசு எண்ணிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆவேன் என்றால் சபையின் பெயரில் உள்ள பாங்க் கணக்குக்குப் போடுங்கள், ஒரு ஆளின் கணக்குக்கு வேண்டாம்.

வொய்ஸ் மெசேஜ், ரசீதுத் துண்டு, காரின் படம், எண்ணெய்ப் போத்தல் நாலும் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு சட்டத்தரணியைப் பார்க்கிறோம். இதே மாதிரி மேல்மாடி ஹோலில் சாபத்துக்குக் காசு கட்டினவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், பெயர் வெளியே போகாது. ஒரு ஆள் போய் நின்றால் அன்பளிப்பு என்பார்கள், பத்துப் பேர் போனால் முறைப்பாட்டை எழுதித்தான் ஆக வேண்டும். அன்ரி வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அவரும் 60 ஆயிரம் கட்டியிருக்கிறாராம்.