கல்யாண நாளுக்குப் புதுச்சேரி பேக்கேஜ் புக் பண்ணப் போகிறவர்கள் படிக்கவும்: எங்கள் ₹28,500 போச்சு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் திருச்சிக்கு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், "போனது போச்சு"ன்னு விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்காகப் புதுச்சேரியில் தங்கி, சாப்பிட்டு, ஊர் சுற்ற ஒரு பேக்கேஜ் போட்டோம். கட்டியது ₹28,500. கிடைத்தது ஒன்றுமில்லை. ரூம் இல்லை, சாப்பாடு இல்லை, ஒரு ரசீதுகூட இல்லை.

பெயர் போட வேண்டாம் என்று வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா சொல்லிவிட்டார். அதனால் எந்த மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். ரீல்ஸ் பார்க்கிற ஆப்பில், ஜோடிகளுக்கான ஸ்பெஷல் வீக்எண்ட் என்று விளம்பரம் ஓட்டுகிற ஒரு பக்கம். மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி, மர ஜன்னல், உள்ளே கட்டில் மேல் ரோஜா இதழ். "பிரெஞ்சு காலத்து வீட்டில் ரெண்டு ராத்திரி." கீழே நன்றி சொல்லிக் கமெண்ட் போட்டிருக்கும் ஏகப்பட்ட ஜோடிகள். அந்தக் கமெண்ட் போட்டவர்கள் யாருக்குமே சொந்தமாக ஒரு போட்டோகூடக் கிடையாது என்பதைப் பிறகு என் தங்கச்சி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொன்னாள்.

பேக்கேஜில் இருந்ததைச் சொன்னால் உங்களுக்கே வாயில் எச்சில் ஊறும். ஒயிட் டவுனில் வீடு, கடல் பார்த்த மொட்டை மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கிரியோல் (பிரெஞ்சும் தமிழும் கலந்த) சாப்பாடு, சனிக்கிழமை காலையில் ஒரு வழிகாட்டியோடு பெரிய மார்க்கெட் சுற்றி வடவம் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அங்கேயே சாப்பாட்டு நடை, சுண்ணாம்பாற்றில் படகு, ஆரோவில் மாத்ரிமந்திர் தியான மண்டபத்தின் உள் அறைக்கு "ஸ்பெஷல் பாஸ்", மணக்குள விநாயகர் கோயிலில் "யானை ஆசீர்வாதம்".

அந்தக் கடைசி ரெண்டைத் தனியாகப் பாருங்கள். மாத்ரிமந்திருக்குக் கட்டணமே கிடையாது. உள்ளே போக முன்கூட்டி நாமே பதிவு செய்ய வேண்டும், அதுவும் இலவசம். அதற்குத்தான் இவர்கள் தலைக்கு ₹1,500 போட்டிருந்தார்கள். யானை? அந்தக் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30ஆம் தேதி காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து செத்துப்போனது. ஊரே தெருவில் நின்று அழுதது. செத்துப்போன யானையின் ஆசீர்வாதத்தைக் காசுக்கு விற்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! இதை எனக்குச் சொன்னது புதுச்சேரி ஆட்டோக்காரர். விளம்பரத்தை அவரிடம் காட்டியபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

சரி, எப்படி நம்பினோம்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். விலை குறைவாகச் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். குறைவாகச் சொல்லவில்லை. பேரம் பேசியபோது, "கட்டாதுக்கா, நாங்க குவாலிட்டில காம்ப்ரமைஸ் பண்றதில்ல" என்று பணிவாக மறுத்தார்கள். பேசியது ஒரு பெண் குரல், நல்ல பதமான குரல். வீடியோ காலில் ஒரு பையன் வீட்டுக்குள் நடந்து காட்டினான். சிவப்புத் தரை, பழைய நாற்காலி, மாடிப்படி. இப்போது யோசித்தால் அவன் ஒரு தடவைகூடத் தெருவைக் காட்டவில்லை.

அட்வான்ஸ் ₹8,500 போட்ட மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, கேக்ல உங்க ரெண்டு பேர் பேரும் எழுதணும். சார் பேர்ல சின்ன 'ன'வா, பெரிய 'ண'வா? தப்பா எழுதிட்டா நல்லா இருக்காதுல்ல." அதோடு நிற்கவில்லை. "சாருக்கு சுகர் எதுவும் இருக்காக்கா? இருந்தா கேக் சின்னதா போடச் சொல்றேன்." அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அதை நான் சொன்னேன். என் சொந்த நாத்தனார்கூட இப்படிக் கேட்டதில்லை. பாக்கி ₹20,000 செக்-இன்னுக்கு முந்தின நாளே வேண்டும் என்று அடுத்த அரை மணியில் கேட்டபோது எனக்கு ஒன்றும் உறுத்தவே இல்லை. ஒரு கேள்விக்கு அவளுக்கு ஒரு பைசா செலவில்லை, எங்களுக்கு ₹20,000.

பணம் போன கணக்கு தனி ஆள் பெயரில் இருந்தது. என் வீட்டுக்காரர் உடனே கேட்டார். "அது எங்க அக்கவுண்டன்ட் சார், ஜிஎஸ்டி பில் செக்-இன்ல கையிலயே தந்துடுவோம்" என்று பதில் வந்தது. பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் பதில் தயார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள், அதனால் காரை ஒரு சந்தில் விட்டுவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். மேப் காட்டிய இடத்தில் அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாசலில் நின்று போட்டோகூட எடுத்தேன். பெல் அடித்தோம். எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து எங்கள் பெட்டியைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

"நீங்களுமாம்மா?"

கேட்டின் உள்பக்கம் ஒரு அட்டை தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்டு, தமிழிலும் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும்: இது குடியிருக்கும் வீடு, ரூம் வாடகைக்கு இல்லை. கொடி வளர்ந்து அதை மறைத்திருந்தது. அவர் வீட்டு வாசலை யார் யாரோ நின்று போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வீடியோவில் காட்டிய வீடு எதுவோ, யாருடையதோ. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், "கல்யாண நாளும் அதுவுமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் போலீஸில் எழுதிக் கொடுத்தும் பார்த்துவிட்டாராம்.

உடனே போன் போட்டோம். "அக்கா ரெண்டு நிமிஷம், கேர்டேக்கர் வந்துட்டே இருக்கார்." கொஞ்ச நேரம் கழித்து, கேர்டேக்கருக்கு ஆக்சிடென்ட். வீட்டுக்கார அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறாயா என்று கேட்டேன். லைன் கட். அப்புறம் மெசேஜ்: உங்களை வேறு பெரிய வில்லாவுக்கு அப்கிரேட் செய்கிறோம், டெபாசிட் ₹5,000 மட்டும் போடுங்கள், திரும்பக் கிடைத்துவிடும். வாசலில் நிற்க வைத்துவிட்டு மேலும் ஐயாயிரம்! எங்கள் ₹28,500ஐத் திருப்பு என்று என் வீட்டுக்காரர் கத்தியதும் "ரீஃபண்ட் டீம்" என்று வேறு நம்பரிலிருந்து ஒருவன் வந்தான். ரொம்ப மரியாதை. ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "சார், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, 28,500 உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்" என்றான். பணம் வாங்குவதற்கு எதற்கடா பின் நம்பர் என்று இவர் கேட்டதும் பிளாக். பெண் குரலும் பிளாக். ஆப்பில் இருந்த அவர்கள் பக்கத்திலும் என்னை பிளாக். என் தங்கச்சி போனில் மட்டும் அந்தப் பக்கம் தெரிகிறது, இன்றைக்குக் காலையில்கூடப் புது ரீல் போட்டிருக்கிறான்.

வீக்எண்டில் புதுச்சேரியில் அவசரத்துக்கு ரூம் தேடினால் என்ன விலை சொல்வார்கள் என்று தெரியும்தானே. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ், ஃபேன் மட்டும் சுற்றியது. அங்கே உட்கார்ந்துதான் 1930க்கு, அதாவது ஆன்லைன் பண மோசடிக்கான அரசு உதவி எண்ணுக்கு, போன் செய்தோம். லைன் கிடைக்க நேரமானது, ஆனால் கிடைத்த பிறகு அங்கே பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். ரெண்டு பரிமாற்றத்துக்கும் பன்னிரண்டு இலக்க யூடிஆர் எண், அதாவது பரிமாற்ற எண், கேட்டாள், கொடுத்தோம், புகார் எண் மெசேஜில் வந்தது. இத்தனையிலும் ஒழுங்காகப் பேசிய ஒரே இடம் அதுதான்.

மற்ற இடங்களின் கதையைக் கேளுங்கள். சனிக்கிழமை அங்கே ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். "ஆன்லைன்ல போட்ட பணம், நீங்க எங்க இருந்து போட்டீங்களோ அந்த ஊர்லதான் கம்ப்ளைன்ட் குடுக்கணும்." திங்கட்கிழமை இங்கே போனோம். "வீடு எங்க? புதுச்சேரியா? அப்ப அங்கதானே குடுக்கணும்." நடுவில் உதைபட நாங்கள் என்ன கால்பந்தா? குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சித்தப்பா போனில் அந்தப் பிரிவைச் சொன்ன பிறகுதான் மனுவை வாங்கி ரசீது போட்டார்கள்.

பேங்கில் இன்னும் அழகு. கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்களேதானே மேடம் பின் போட்டிருக்கீங்க" என்றார். ஆமாம், நான்தான் போட்டேன். நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால்தான் ரிசர்வ் பேங்க் விதி கைகொடுக்குமாம், மூணு வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் வராது. ஏமாந்து நாமே அனுப்பினால் அது சேராதாம். விதி அப்படி இருக்கலாம். அதை ஒரு மனுஷிக்குச் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன், லஞ்ச்சுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மணி பதினொன்றரை.

ஆப்புக்காரன்தான் உச்சம். அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் போட்டேன், அட்டை தொங்கும் கேட்டின் போட்டோ, பணம் போன ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து. மறுநாள் பதில் வந்தது: பரிசீலித்தோம், இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை. அவர்கள் விளம்பரத்துக்குக் காசு வாங்குகிறார்கள். என் ₹28,500இல் ஒரு பங்கு அந்த விளம்பரத்துக்குத்தான் போயிருக்கும்.

ஊர் சுற்றினீர்களா என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கினோம். அதற்கு முந்தின ராத்திரி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு ஜோடி கேக் வெட்டினார்கள், இவர் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான் எங்கள் பத்தாவது கல்யாண நாள்.

"படித்தவர்கள் நீங்களே ஏமாறலாமா" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள். திருடியவன் அவன். கேள்வியை அவனிடம் கேளுங்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். வீடியோ காலில் வீட்டைக் காட்டினால் வாசலுக்கு வந்து தெருப் பெயர்ப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள். நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் பெயருக்குப் பணம் கேட்டால் போடாதீர்கள். முழுப் பணத்தையும் போய்ச் சேருவதற்கு முன்னால் கேட்டால் போடவே போடாதீர்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்னால் 1930, அதுவும் உடனே, பணம் அடுத்த கணக்குக்கு நகருவதற்குள். மாத்ரிமந்திர் பாஸை யாராவது விற்றால் செருப்பைக் கழற்றுங்கள்.

இன்று மதியம் 1930 புகாரின் நிலையைப் பார்த்தேன். முதல் ₹8,500 ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இருபதாயிரத்தில் ₹3,200 மட்டும் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதை வாங்கவும் தனியாக மனு போட வேண்டுமாம். சித்தப்பா மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் புதுச்சேரிக்கு இப்படி ஏதாவது புக் பண்ணியிருக்கிறவர்கள், பக்கத்தின் பெயர் தெரிய வேண்டுமென்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் அந்தப் பெண்ணின் வாய்ஸ் மெசேஜும் அனுப்புகிறேன். பாக்கியைப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.