லேடர் ஸ்டாண்டா, க்ளைம்பரா, சேடிலா: மரத்திலிருந்து விழுந்த பிறகு நான் எடுத்த முடிவு

போன வாரம் மாடிசனிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்துவிட்டானாம், செப்டம்பரில் வில் சீசன் தொடங்குவதற்குள் மரத்தில் ஏறி உட்கார ஒரு ஸ்டாண்ட் வாங்க வேண்டுமாம். "அண்ணா, க்ளைம்பர் வாங்கவா, லேடர் வாங்கவா? இப்ப எல்லாரும் சேடில்ங்கிறாங்களே?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், விஸ்கான்சினில் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் மற்ற நம்மாட்களுக்கும் உதவும்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லேடர் ஸ்டாண்ட், அதாவது உச்சியில் இருக்கையோடு மரத்தில் சாய்த்துக் கட்டும் ஏணி, கூடவே ஒரு லைஃப்லைன் கயிறு. மூன்று சீசனாக இதில்தான் உட்காருகிறேன். அதற்கு முன் ஆறு சீசன் லாக்-ஆன் வைத்திருந்தேன், மரத்தில் கட்டும் வெறும் தட்டும் இருக்கையும்தான் அது, ஏறும் படிகளைத் தனியாகக் கட்ட வேண்டும், அதிலிருந்துதான் விழுந்தேன்.

ஸ்டாண்ட் என்றால் பரண்தான். ஊரில் சோளக்காட்டில் பன்றி விரட்ட நாலு கம்பு நட்டுப் போடுவார்களே, அதையே இங்கே இரும்பிலும் அலுமினியத்திலும் செய்து மரத்தோடு பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மான் அவ்வளவாக மேலே பார்க்காது, நம் வாடையும் அதன் மூக்குக்கு மேலே போய்விடும் என்பதற்காகத்தான் 15, 20 அடி உயரம். மான் வேட்டைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் துப்பாக்கியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வகுப்பிலும் துப்பாக்கிக்கு உள்ள நான்கு விதிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனதில் ஏறிவிடுகின்றன. மரத்துக்கான விதிகள் அப்படி ஏறுவதில்லை, எனக்கும் ஏறவில்லை.

நவம்பர் முதல் வாரம் அது. ஆண் மான்கள் இணை தேடிப் பகலெல்லாம் அலையும் நேரம், அதனால் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து மரத்திலேயே இருந்தேன். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கால் வைக்கும் தட்டில் மெல்லிசாக உறைபனி படியத் தொடங்கியிருந்தது. வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினேன், போன் இருந்த பையையும் இறக்கினேன், பிறகு என்னை மரத்தோடு பிணைத்திருந்த டெதரை முதுகுப் பக்கம் கைவிட்டுக் கழற்றினேன். கழற்றாமல் இறங்க முடியாது, அதன் நீளம் அவ்வளவுதான். தட்டிலிருந்து பக்கவாட்டில் கட்டியிருந்த ஸ்டிக்கின் (ஏறுவதற்கான துண்டு ஏணி) படிக்கு இடது காலை நீட்டி வைத்து, உடல் எடையை அந்தக் காலுக்கு மாற்றும்போது பூட்ஸ் வழுக்கியது. 14 அடி. வலது குதிகால் தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. மல்லாந்து கிடந்தபடி பார்த்தால், தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்த டெதரின் கொக்கி மேலே மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஹார்னெஸ் என் உடம்பில்தான் இருந்தது, நெஞ்சுப் பட்டை, தொடைப் பட்டை எல்லாம் முறையாக இறுக்கியிருந்தது. குதிகால் எலும்பு உடைந்து, கீழ் முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கி, பதினோரு வாரம் காலை ஊன்றவில்லை.

எந்த ஸ்டாண்ட் என்ற கேள்விக்கு நான் பதில் தேடுவது அந்த ஒரு அடி தூரத்தை வைத்துத்தான், தட்டிலிருந்து படிக்கு வைத்த அந்த எட்டு. விலை, எடை, சத்தம், மடக்கு வசதி எல்லாம் அப்புறம். ஸ்டாண்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது விழுவதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுக்கு மாறும்போதும் விழுவதுதான் அதிகம், ஆனால் நிறையப் பேர் கொக்கியை மாட்டுவது மேலே போய் உட்கார்ந்த பிறகுதான். உட்கார்ந்தவனுக்கு மட்டும் காவல் இருந்து என்ன பயன்? கால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்பத் தரையில் படும் வரை ஏதாவது ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் காலை ஐந்து மணிக்கு, தடிக் கையுறையோடு, தூக்கக் கலக்கத்தில், மைனஸ் குளிரில் நான் சோம்பல்படாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

லைஃப்லைன் செய்வது அதைத்தான். சுமார் 30 அடிக் கயிறு, மேல் நுனியை ஸ்டாண்டுக்கு மேலே, உட்கார்ந்தால் தலைக்கு மேல் இருக்கும் உயரத்தில் மரத்தில் கட்டுகிறோம், கீழ் நுனியை அடிமரத்தில். அந்தக் கயிற்றில் அதைவிட மெல்லிய கயிற்றால் போட்ட ஒரு ப்ரூசிக் முடிச்சு, முடிச்சில் ஒரு கேரபைனர் கொக்கி. தரையில் நின்றபடியே ஹார்னெஸின் டெதரை அதில் மாட்டிவிட்டு, இரண்டு படிக்கு ஒரு தடவை முடிச்சைக் கையால் மேலே தள்ளிக்கொண்டே ஏறலாம். கையால் தள்ளினால் நகரும், உடம்பின் எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும். ஒரு விஷயம், முடிச்சு எப்போதும் தலைக்கு மேலே இருக்க வேண்டும், டெதரில் தொய்வு இருக்கக் கூடாது, தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுந்துவிட்டுத்தான் நிற்போம். கயிற்றின் விலை சுமார் 40 டாலர்.

லைஃப்லைனை லாக்-ஆனிலும் கட்டலாம், அன்று கட்டியிருந்தால் நான் விழுந்திருந்தாலும் முடிச்சு பிடித்திருக்கும். பின் ஏன் லேடருக்கு மாறினேன் என்றால், விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதற்காக. ஹார்னெஸ் பிடித்துவிட்டது, அந்தரத்தில் தொங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைப் பட்டைகள் ரத்தக் குழாய்களை அழுத்தும், காலுக்குப் போன ரத்தம் மேலே திரும்பாமல் அங்கேயே தேங்கும், அசையாமல் தொங்கினால் சீக்கிரமே மயக்கம் வரும், அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஹார்னெஸோடு ஒரு சின்ன வளையப் பட்டை தருகிறார்கள், அதில் கால் வைத்து எழுந்து நின்று தொடை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி. அந்தப் பட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லேடர் ஸ்டாண்டில் லைஃப்லைனோடு வழுக்கினால் சில அங்குலம்தான் இறங்குவோம், முகத்துக்கு நேரே ஏணிப்படி இருக்கும், காலை வைத்து நின்றுகொள்ளலாம். நிலத்துக்காரரைக் கீழே நிற்க வைத்துவிட்டு மூன்றடி உயரத்தில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு இறுகியது, தொடை நறுக்கென்றது, வலது கால் தானாகவே படியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. தம்பியையும் அப்படி ஒரு தடவை தொங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், தரைக்குப் பக்கத்தில், கூட ஆள் இருக்கும்போது மட்டும்.

சரி, க்ளைம்பர். இரண்டு துண்டு, மேலே இருக்கை, கீழே கால்தட்டு, மரத்தைச் சுற்றிக் கேபிள். மேல் துண்டைத் தூக்கி வைத்து, கால்களால் கீழ்த் துண்டை இழுத்து, புழு நெளிவதைப் போல ஏற வேண்டும். இதன் பெரிய நல்ல குணத்தை மறைக்க மாட்டேன்: தரையிலேயே அதற்குள் நின்றுகொண்டு அதோடு சேர்ந்தே மேலே போவதால், என்னைத் தள்ளிவிட்ட அந்த எட்டு இதில் கிடையவே கிடையாது. 20 பவுண்டைச் சுற்றித்தான் எடை, முதுகில் கட்டிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கலாம். எங்கள் பக்கத்து அரசு நிலங்களில் ஸ்டாண்டை ராத்திரி விட்டுவிட்டு வர அனுமதி இல்லை, அங்கே போகிறவனுக்கு லேடர் உதவவே உதவாது.

ஆனால் நேரான, கிளையில்லாத மரம் வேண்டும். எங்கள் காட்டில் ஓக்தான் அதிகம், பத்தடியிலேயே கிளை பிரிந்துவிடும், ஒவ்வொரு கிளைக்கும் டெதரைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும், அங்கேதான் மனசு "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது. மரம் மேலே போகப் போக மெலியும், அதனால் கீழே கட்டும்போதே தட்டின் முனையைத் தூக்கலாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 18 அடியில் தட்டு முன்பக்கம் சரிந்து நிற்கும். இரண்டு துண்டையும் இணைக்கும் கயிற்றைக் கட்டாமல் ஏறினால், கீழ்த் துண்டு நழுவி அடிமரத்துக்குப் போய்விடும், மேல் துண்டில் கால் தொங்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு இது நடந்தது, டெதர் மாட்டியிருந்ததால் தப்பித்தார், கீழே இறங்க மட்டும் மற்றொருவர் ஏணியோடு வரும்வரை காத்திருந்தார்.

சேடிலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நண்பருடையதை இரண்டு நாள் கட்டிப் பார்த்ததோடு சரி. இடுப்பில் ஊஞ்சல் மாதிரி கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து உட்காரும் முறை. ஏறும்போது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போகும் லைன்மேன் பெல்ட், மேலே போனதும் டெதர், டெதரை மாட்டிய பிறகுதான் பெல்ட்டை எடுக்க வேண்டும், ஆக முறையாகச் செய்தால் இதிலும் கட்டு அறுபடுவதே இல்லை. எடை மிகக் குறைவு, எந்த மரத்திலும் ஏறலாம். என் தயக்கம் ஒன்றுதான்: டெதர் இறுக்கமாக இருக்கும்வரை கவலை இல்லை, தொய்வு விட்டு விழுந்தால் இடுப்பில் மட்டும் பிடிக்கும் ஒரு பட்டை முழு உடல் ஹார்னெஸ் மாதிரி தாங்காது, தலைகீழாகப் புரளவும் கூடும். நசுங்கிய முதுகெலும்பை வைத்துக்கொண்டு அந்தச் சோதனைக்கு நான் போகப் போவதில்லை. இருபது வயசுக்காரன், நல்ல பழக்கம் உள்ளவன், வேறு முடிவுக்கு வரலாம்.

லேடரின் குறைகளையும் சொல்ல வேண்டும். கனம், இரும்பு என்றால் 60 பவுண்டுக்குக் குறைந்து பார்த்ததில்லை. வைத்த இடத்தில்தான் இருக்கும், வயசான பெண் மான்கள் இரண்டே வாரத்தில் அதைக் கவனித்துச் சுற்றிப் போகத் தொடங்கிவிடும். அதைவிட முக்கியம், நிறுத்தும் நாள்தான் அதன் மிக ஆபத்தான நாள். மேல் பட்டையைக் கட்டுவதற்காக முதல் ஆள் ஏறும்போது ஏணி மரத்தில் சாய்ந்து மட்டும்தான் நிற்கிறது, லைஃப்லைனும் இன்னும் கட்டியிருக்காது. அதனால் நடுவில் மரத்தை எட்டிப் பிடிக்கும் கம்பியையும் குறுக்குப் பட்டைகளையும் தரையிலிருந்தே இறுக்கிவிட்டு, ஏறுகிறவர் லைன்மேன் பெல்ட் போட்டுக்கொண்டு, கீழே இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டால்தான் அது வேலை. நாங்கள் இருக்கும் தென்மேற்கு மூலை பனியுகத்துப் பனிப்பாறைகள் தொடாமல் விட்ட பகுதி, எங்கே பார்த்தாலும் சரிவு. சரிவில் ஏணியை மேட்டுப் பக்கம் வைக்கிறோம், ஏறும்போது 15 அடிதான், ஆனால் பள்ளத்துப் பக்கம் விழுந்தால் 25 அடி என்பதை மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் தெரியும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை: ஆஷ் மரம் வேண்டவே வேண்டாம். 2008ல் விஸ்கான்சினுக்குள் வந்த பச்சை வண்டு அந்த மரங்களை வரிசையாகச் சாகடித்துக்கொண்டிருக்கிறது, மரங்கொத்தி மேல்பட்டையை உரித்து வெளிர் திட்டுகளாகத் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம், செத்த ஆஷ் சொல்லாமல் முறியும்.

பராமரிப்பு எல்லா வகைக்கும் ஒன்றுதான். வெயிலில் பட்டை உளுத்துப்போகும், அணில் கடிக்கும், மரம் வருஷா வருஷம் பருத்துப் பட்டையை உள்ளிருந்து இழுக்கும். சீசன் முடிந்ததும் பட்டைகளைத் தளர்த்திவிடுங்கள், ஆகஸ்டில் புதுசு போடுங்கள். ஹார்னெஸில் தயாரித்த தேதி தைத்திருக்கும், ஐந்து வருஷம் ஆனால் மாற்ற வேண்டும், ஒரு தடவை விழுந்து தாங்கிய ஹார்னெஸ் அன்றோடு சரி. என் பழைய லாக்-ஆனுக்கு 60 டாலர் தருகிறேன் என்று ஒருவர் கேட்டார். பட்டைகளை அறுத்துப்போட்டுவிட்டு இரும்பு எடைக்குப் போட்டுவிட்டேன், எந்த வெயிலில் எத்தனை வருஷம் நின்றது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உறைமழை பெய்து லைஃப்லைன் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும் காலையில் முடிச்சு அதே பிடி பிடிக்குமா என்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அப்படிப்பட்ட நாளில் தரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன் இப்போது நெஞ்சுப் பாக்கெட்டில், ஜிப்புக்குள். எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவேன் என்பது கிளம்பும் முன்பே மனைவிக்கு மெசேஜாகப் போய்விடும். அன்று அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து நிலத்துக்காரரை அனுப்பும்வரை இரண்டு மணி நேரம் கிடந்தேன், பையில் போன் அடிப்பது பத்தடி தள்ளிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தம்பி கடைசியில் லேடரே வாங்கிவிட்டான், 18 அடி. அவனும் நானும் சேர்ந்தால் இரண்டு பேர்தான், மூன்றாவது கைக்கு நிலத்துக்காரர் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அவர் வரும்வரை பெட்டியைப் பிரிக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.