தூக்கம் வராத இரவுக்கு ஒரு போர்க்கால ஆவணத் தளம்

இரவு வேலை முடிந்து சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக்கு வந்தால் எனக்கு உடனே தூக்கம் வராது. அப்படி ஒரு நாள் கண்ணில் பட்டதுதான் ‘வேலி ஆஃப் த ஷேடோ’ (முள்வேலி இல்லை, பள்ளத்தாக்கு). எட்வர்ட் ஏயர்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த இணைய ஆவணத் தளம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டே மாவட்டங்கள், தெற்குப் பக்கம் வர்ஜீனியாவின் அகஸ்டாவும் வடக்குப் பக்கம் பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளினும். அந்த ஊர்க்காரர்களின் கடிதம், நாட்குறிப்பு, செய்தித்தாள், வரிக்கணக்கு, சிப்பாய்களின் விவரம் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். முழுக்க இலவசம். இதற்கு முன்னால் வேறொரு குடும்ப வரலாற்றுத் தளத்துக்கு (பெயர் வேண்டாம்) மாதச் சந்தா கட்டி, பார்க்க நினைத்த பக்கத்துக்கெல்லாம் இன்னும் காசு கேட்டதில் வெறுத்துப் போயிருந்தேன்.

சரி, எங்கே தொடங்குவது? சிப்பாய்ப் பட்டியலில் தொடங்காதீர்கள். பெயர், படைப்பிரிவு, பதவி, காயமா சாவா என்று வரிசையாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். முதலில் கடிதங்களைப் படித்துவிட்டு அப்புறம் அந்த ஆளைப் பட்டியலில் தேடுங்கள்.

நான் சிக்கிக்கொண்டது ஃபிராங்க்ளினில் இருக்கும் மெர்சர்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில். அங்கிருந்த கறுப்பின இளைஞர்கள் பலர் கறுப்பினச் சிப்பாய்களுக்கென்று வடக்குத் தரப்பு அமைத்த மாசசூசெட்ஸ் 54வது படைப்பிரிவில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் டீமஸ், மனைவி மேரி ஜேனுக்கு எழுதிய கடிதங்கள் இங்கே இருக்கின்றன. காதில் விழுகிறபடியே எழுதியிருப்பதால் கண்ணால் படித்தால் ஒன்றும் புரியாது, வாய்விட்டுப் படித்தால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சம்பளப் பேச்சு அடிக்கடி வரும். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டு மிச்சம் 7. பிரிவே சேர்ந்து அந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்று நின்றுவிட்டது. 1864 ஜூனில்தான் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. அதுவரை ஊரில் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் கடிதங்களில் நான் தேடித் தேடிப் படித்தது. தேசிய சேவையில் இருக்கும் என் மகன் படித்தொகை ஒரு நாள் தள்ளிப் போனாலே வீட்டைத் தலைகீழாக்குவான், அவனிடம் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அதே ஃபிராங்க்ளினில் இருக்கும் சேம்பர்ஸ்பர்க் என்ற ஊரின் கதையும் உண்டு. 1864 ஜூலை 30 அன்று தெற்குக் குதிரைப்படை ஊருக்குள் வந்து, தங்கமாக 1,00,000 டாலர் அல்லது நோட்டாக 5,00,000 டாலர் கொடு என்று கேட்டது. கிடைக்கவில்லை, ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இழப்பீடு கேட்டவர்களின் பதிவுகளை இங்கே பார்க்கலாம்.

படிக்கவே முடியாமல் மூடிவைத்தது ஒன்றுதான். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அகஸ்டாவின் அடிமைகள். எசமானுக்குப் பெயர் இருக்கிறது. அடிமைக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். எங்கள் தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. வீட்டில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் பாட்டிக்குத் தெரியும். நான் கேட்டு வைக்கவில்லை.

போர்க்கள வரைபடங்களும் இருக்கின்றனவாம். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.